ஹாட் சிப்: ஒரே ஒரு ஆல்பம் வாங்குவதென்றால் எது?

கொங்கு நாட்டில் லண்டனின் எலக்ட்ரானிக் இசைக் குழுவான ஹாட் சிப் கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில பேருக்குள்ளும் மூன்று கட்சி. 2006-இல் வந்த 'தி வார்னிங்'தான் உச்சம் என்பது ஒரு கட்சி. 2010-இன் 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்' பக்கம் நிற்பவர்கள் இன்னொரு கட்சி. 2012-இல் வந்த 'இன் அவர் ஹெட்ஸ்' இருக்கும்போது மற்றதைப் பற்றிப் பேச்செதற்கு என்பவர்கள் மூன்றாவது. புதிதாக வருகிற ஆள் இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். "ஏனுங்ணா, இருக்கற காசுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கறதுன்னா எதை வாங்கட்டுமுங்க?" என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று ஆல்பத்தை நீட்டுவார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒன்றே ஒன்று என்றால் 'இன் அவர் ஹெட்ஸ்'. ஆனால் ஹெட்போனில் மட்டுமே கேட்பவராக இருந்தால் 'தி வார்னிங்'. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்கும் பழக்கம் இருந்தால் 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்'. கட்சிக்காரர்கள் எல்லோரும் பாட்டின் தரத்தை மட்டும் வைத்து வாதாடுகிறார்கள். எதில் போட்டுக் கேட்கிறோம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் குழுவின் ஆல்பங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்களைக் கொண்டு செய்தவை. பேஸ் என்கிற கீழ் ஓசை எங்கே உட்காருகிறது, குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதெல்லாம் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும். படுக்கையறையில் செய்த ஆல்பம் காரில் காணாமல் போகும். ஸ்டுடியோவில் செய்தது சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் பாதியாகச் சுருங்கும்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. லண்டனின் பட்னி பகுதியில் எலியட் பள்ளியில் சேர்ந்து படித்த அலெக்சிஸ் டெய்லரும் ஜோ கோடார்டும் தொடங்கியது. ஓவன் கிளார்க், அல் டாயில், ஃபீலிக்ஸ் மார்ட்டின் மற்ற மூவர். அல் டாயில் அமெரிக்க நடன-ராக் குழுவான எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டத்திலும் வாசிக்கிறவர். டெய்லரின் குரல் மெலிசு, மேல் ஸ்தாயியில் தயங்கித் தயங்கி நடக்கும். கோடார்டின் குரல் தணிந்து கனத்தது. இந்த இரண்டு குரலுக்கும் நடுவே இருக்கும் இடத்தை டிரம் மெஷினும் சிந்தசைசரும் (சுருக்கமாக சிந்த்) எப்படி நிரப்புகின்றன என்பதில்தான் மூன்று கட்சிச் சண்டையும் கிடக்கிறது.

கேட்டுப் பார்க்கும் முன்

ஆல்பங்களை ஒப்பிடும்போது முதலில் கெடுப்பது சத்த அளவு. இரண்டு பதிவில் ஒன்று 2 டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். பொதுவாகப் பிந்தைய காலத்துப் பதிவுகள் உரக்க இருக்கும். அந்த ஒரே காரணத்தால் பழையவை சப்பென்று தோன்றும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு செயலியில் கேட்டுவிட்டு வந்து வாதாடுவது வீண் வேலை.

மூன்று ஆல்பத்தையும் முழுதாகக் கேட்க நேரமில்லை என்றால் ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டு போதும். 'தி வார்னிங்'கில் 'பாய் ஃப்ரம் ஸ்கூல்', 'ஓவர் அண்ட் ஓவர்', 'லுக் ஆஃப்டர் மீ'. 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்'டில் 'ஐ ஃபீல் பெட்டர்', ஆல்பத்தின் பெயரே கொண்ட பாட்டு, 'ஸ்லஷ்'. 'இன் அவர் ஹெட்ஸ்'ஸில் 'நைட் அண்ட் டே', 'லுக் அட் வேர் வி ஆர்', 'ஃப்ளூட்ஸ்'. மூன்றிலும் ஆட்டம் போட ஒன்றாவது, மெதுவாக ஒன்றாவது இருக்கும்படி எடுத்திருக்கிறோம். போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அதில் கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி ஓசை கொஞ்சமும் வராது. டக் டக் என்ற மேல் ஓசை மட்டும் வரும். 'ஃப்ளூட்ஸ்' அப்படிக் கேட்டால் ஏழு நிமிடம் எதற்கு இழுக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

தி வார்னிங்

இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி கோடார்டின் படுக்கையறையில் உருவானது. அது குறையாகவும் நிறையாகவும் உள்ளே தெரியும். ஓசைகள் சின்னவை, வறண்டவை, காதுக்கு மிக அருகில் இருப்பவை. மணி ஓசை போன்ற சிந்த் ஒலி வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். முதல் பாட்டான 'கேர்ஃபுல்' மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டு, திடீரென்று டிரம்மை அள்ளி முகத்தில் கொட்டும். பல பேர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். போகாமல் இருந்தால் அடுத்ததே 'பாய் ஃப்ரம் ஸ்கூல்'. ஆடவைக்கிற தாளத்துக்கு மேல் அழவைக்கிற மெட்டு. இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து போகிறது. இந்தக் குழு என்ன செய்கிறது என்று ஒரே பாட்டில் காட்டு என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். மூன்று கட்சிக்கும் இதில் சண்டையில்லை.

'ஓவர் அண்ட் ஓவர்' பாட்டை பிரிட்டிஷ் இசை இதழான என்.எம்.இ. 2006-இன் சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தது. ஆல்பமும் அந்த வருடம் பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. திரும்பத் திரும்ப வருவதன் சுகத்தைப் பற்றியே பாடுகிற பாட்டு அது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: தறி ஓட ஓட முதலில் இரைச்சலாக இருப்பது, அரை மணி நேரத்தில் அதற்குள்ளேயே ஒரு தாளம் பிடிபடும், நின்றுபோனால்தான் தூக்கம் கலையும். பாட்டு நடப்பதும் அப்படித்தான். ஒரே வரி, ஒரே அடி, அதன் மேல் கிட்டார் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறுக்குப் பிடித்துப்போகும்.

ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டை ஒருமுறையாவது ஹெட்போனில் கேட்க வேண்டும். தாலாட்டு மாதிரி மெட்டு. வார்த்தையைக் கவனித்தால் காலை உடைப்போம், தலையைத் திருகுவோம் என்று மிரட்டல். இங்கிலீஷ் வரி காதில் ஏறாதவர்களுக்கு அந்தக் குறும்பு தவறிப்போகும். இந்த ஆல்பத்தின் சிரிப்பில் பாதி வரிகளில் இருக்கிறது. வரியைப் பிடிக்காமல் ஓசையை மட்டும் கேட்பவருக்கு 'தி வார்னிங்' முழுப் பலனைத் தராது. அவர்களுக்கு முதல் ஆல்பமாக இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொரு சிக்கல் கார். வண்டி ஓடும்போது டயரும் எஞ்சினும் போடும் இரைச்சலில் பெரும்பங்கு கீழ் ஓசைதான். மெலிந்த பேஸ் அதில் அப்படியே அமுங்கும். மிஞ்சுவது மணி ஓசையும் குரலும். சத்தத்தைக் கூட்டினால் பேஸ் வருவதற்குள் மணி காதைக் குத்தும். 'வார்னிங்' கட்சிக்காரர் வாதத்தில் தோற்பது எப்போதும் வண்டிக்குள்தான்.

இன் அவர் ஹெட்ஸ்

2012-இல் டொமினோ நிறுவனத்துக்கு மாறி வெளியிட்ட முதல் ஆல்பம். மார்க் ரால்ஃப் உடனிருந்து தயாரித்தார். படுக்கையறைக் காலத்து ஓசையெல்லாம் இங்கே பெரிய ஸ்டுடியோவுக்குக் குடிவந்துவிட்டது. முதல் பாட்டு 'மோஷன் சிக்னஸ்' தொடங்கும்போதே கதவைத் திறந்துவிட்டது போல் இடம் அகலமாகிறது. பேஸ் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. குரல் அதன் மேல் தெளிவாக நிற்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாகப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு 'நைட் அண்ட் டே' உடனே பிடிக்கும். பாட்டைத் தூக்கிச் சுமப்பதே அந்த பேஸ் ஓட்டம்தான். மேலே நடப்பதெல்லாம் விளையாட்டு.

'ஃப்ளூட்ஸ்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெட்டியெடுத்த ஒரு குரல் துண்டு சுற்றிச் சுற்றி வருவதில் தொடங்குகிறது. அதன் அடியில் கிக். பிறகு சிந்த் ஒன்று நுழைகிறது, டெய்லர் பாடுகிறார், இன்னொரு சிந்த். ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது முன்னதற்கு ஒதுங்கி இடம் விடுகிறது. எதுவும் எதையும் மூடுவதில்லை. ஏழு நிமிடத்தில் ஒரு தடவைகூட அவசரம் கிடையாது. முதல் முறை கேட்பவர் குரலைப் பிடித்துக்கொண்டு போவார். இரண்டாம் முறை கிக்கை விட்டுவிட்டு அதற்கு நடுவில் விழும் சின்னத் தாள ஓசைகளை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பாட்டின் பாதி வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும். எலக்ட்ரானிக் இசை என்றாலே யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறவரை உட்காரவைத்துக் கேட்கவிட வேண்டியது இந்தப் பாட்டு.

குறை இல்லாமலில்லை. 'லெட் மீ பி ஹிம்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அவ்வளவு தேவையில்லை. 'ஃப்ளூட்ஸ்' முடிந்ததும் வருகிற 'நவ் தேர் இஸ் நத்திங்' நல்ல பாட்டுதான், ஆனால் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. குறும்பும் 'வார்னிங்' அளவுக்கு இல்லை. "ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க, கறையே இல்ல" என்று 'வார்னிங்' கட்சி சொல்லும் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பதினொரு பாட்டில் தூக்கிப் போடத் தோன்றுவது ஒன்றோ இரண்டோதான். வேகமான பாட்டு, மெதுவான பாட்டு, நீளமான பாட்டு மூன்றுமே தரமாக இருக்கிற ஆல்பம் இவர்களிடம் இது ஒன்றுதான். முதல் ஆல்பமாக இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்: இதைக் கேட்ட பிறகு பிடித்தது ஆட்டமா, அழுகையா என்று தெரிந்துவிடும், அடுத்து எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் இருக்காது.

ஒன் லைஃப் ஸ்டாண்ட்

இந்த ஆல்பத்தின் கட்சி எண்ணிக்கையில் சிறியது, பிடிவாதத்தில் பெரியது. நிலைத்து நிற்கும் காதல், அண்ணன் தம்பி போன்ற நட்பு, குடும்பம்: இதுதான் ஆல்பம் முழுக்க. நடனக் குழு ஒன்று 2010-இல் இதைப் பற்றி வெட்கமில்லாமல் பாடியது பலருக்கு ஒவ்வவில்லை. ஃபிம்பர் பிராவோ ஸ்டீல் பேன் வாசித்திருக்கிறார். பிரிட்டிஷ் ராக் குழுவான திஸ் ஹீட்டின் சார்ல்ஸ் ஹேவர்ட் டிரம்ஸ். இந்த ஸ்டீல் பேன் டிரினிடாடில் பிறந்த வாத்தியம். எண்ணெய் பேரலின் தகட்டைத் தட்டிப் பள்ளமாக்கிச் சுருதி சேர்ப்பது. சிந்தசைசருக்கு நடுவில் அதன் உலோக ஓசை கொஞ்சம் சுருதி நடுங்கியபடி கேட்கும். அந்த நடுக்கம் இல்லாவிட்டால் ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு இவ்வளவு தூரம் நெஞ்சில் நிற்காது.

முதல் நான்கு பாட்டும் சண்டைக்கு அப்பாற்பட்டவை. 'ஹேண்ட் மீ டவுன் யுவர் லவ்'வில் பியானோ அடிக்கிற அடி, 'ஐ ஃபீல் பெட்டர்'ரில் ஆட்டோடியூன் (சுருதியைக் கணினியால் திருத்துவது) போட்ட குரல் எல்லாமே இடம் பார்த்து வைத்தவை. தகராறு ஐந்தாவது, ஆறாவதில் தொடங்குகிறது. 'பிரதர்ஸ்', 'ஸ்லஷ்' இரண்டும் மெதுவானவை, அடுத்தடுத்து வருகின்றன. தாளத்துக்காக வந்தவர் அங்கே இறங்கிவிடுவார். பொறுமையாக இருந்தால் அதற்குப் பிறகு 'ஆலி கேட்ஸ்'. வாத்தியம் குறைவு, குரலும் அழுத்தமில்லை, ஆனால் பாட்டு முடியும்போது கனத்துப்போகும். கடைசிப் பாட்டு 'டேக் இட் இன்' இருண்ட அடியில் தொடங்கிப் பல்லவியில் வெளிச்சமாகத் திறக்கும்.

இதைக் கேட்கிற முறை ஒன்றே ஒன்று: முதல் பாட்டில் தொடங்கிப் பத்தாவதில் நிறுத்துவது. கலைத்துப் போடும் (ஷஃபிள்) முறையில் கேட்டால் 'ஸ்லஷ்' எங்கிருந்தோ வந்து வேகத்தைக் கெடுக்கும்; வரிசையில் கேட்டால் அதே பாட்டு மூச்சு வாங்க இடம் கொடுக்கும். நடுப்பகுதியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறவருக்கு, நேர்மையாகச் சொன்னால், இந்த மூன்றில் மிக ஆழமானது இதுதான். ஆனால் பொறுமை இருக்கிறதா என்று தெரியாத ஒருவர் கையில் முதலில் கொடுக்க முடியாது.

மற்றவை, வேகமாக

2004-இன் 'கமிங் ஆன் ஸ்ட்ராங்' மெதுவான, வீட்டில் செய்த ஆல்பம். வளர்ந்த பிறகு திரும்பிப் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். 2008-இன் 'மேட் இன் த டார்க்' பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. 'ரெடி ஃபார் த ஃப்ளோர்' 6-ஆம் இடம் பிடித்து கிராமி பரிந்துரையும் பெற்றது. பலருக்கும் இந்தக் குழுவில் தெரிந்த ஒரே பாட்டு அதுவாகத்தான் இருக்கும். அதை நம்பி முழு ஆல்பத்தையும் வாங்கக் கூடாது. பதின்மூன்று பாட்டு. கூச்சலுக்கு அடுத்து தாலாட்டு, தாலாட்டுக்கு அடுத்து மல்யுத்தம் என்று வரிசை தாறுமாறு. 'ஷேக் எ ஃபிஸ்ட்' நடுவில் எல்லாம் நின்று, அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ருண்ட்கிரனின் பழைய பதிவிலிருந்து ஒரு பேச்சு வந்து, பிறகு சிந்த் வெறிபிடித்து ஓடும் இடம் அருமை. 'ஒன் ப்யூர் தாட்', 'ஹோல்ட் ஆன்', ஆல்பத்தின் பெயர் கொண்ட மெதுவான பாட்டு, இவற்றோடு முன்னே சொன்ன இரண்டும் சேர்த்து ஐந்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் போதும்.

2015-இன் 'வை மேக் சென்ஸ்' பத்துப் பாட்டோடு கச்சிதம். 'ஹூராச்சி லைட்ஸ்', 'நீட் யூ நவ்' இரண்டுக்காகவும் கேட்கலாம். 2019-இன் 'எ பாத் ஃபுல் ஆஃப் எக்ஸ்டசி'க்குத்தான் முதல்முதலாக வெளித் தயாரிப்பாளர்களை முழுமையாக உள்ளே விட்டார்கள்: ஃபிலிப் ஸ்டார், ரோடி மெக்டொனால்ட். ஸ்டார் அந்த ஆண்டு ஜூன் 19-இல் இறந்தார். ஆல்பம் 21-இல் வெளிவந்தது. இதன் ஓசை அகலமானது, பளபளப்பானது. 'ஹங்ரி சைல்ட்' நல்ல ஹவுஸ் (கிளப் நடன இசை வகை) பாட்டு. காருக்கு இதைவிடப் பொருத்தமானது இவர்களிடம் இல்லை. 2022-இன் 'ஃப்ரீக்அவுட்/ரிலீஸ்' தங்கள் சொந்த ஸ்டுடியோவில் செய்தது. கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் முரட்டுத்தனம். முதல் ஆல்பத்துக்கான போட்டியில் இது இல்லை.

அறை, மின்சாரம், வண்டி

நம் பக்கம் வீட்டு அறைகள் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவர் சிமெண்ட், தரை டைல்ஸ். பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் அருகிலும், பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் அறை தானாகவே முழங்கும். (ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகும், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும்.) கிக் டிரம்மின் அடி ஓசையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. விளைவு: 'இன் அவர் ஹெட்ஸ்' போட்டால் ஒரு சில பேஸ் ஸ்வரம் மட்டும் வீட்டையே உலுக்கும், மற்றவை காணாமல் போகும். ஆல்பத்தின் மேல் பழி போடாதீர்கள். ஸ்பீக்கர் பாக்ஸை மூலையிலிருந்து எடுத்துச் சுவரை விட்டு ஒன்றரை அடியாவது முன்னால் வையுங்கள். அறையின் நடு மையத்தில் உட்காராதீர்கள். அந்த இடத்தில் இந்த ஓசைகள் ஏறக்குறைய செத்துவிடும். பின்சுவரில் முதுகு சாய்த்தும் உட்காராதீர்கள். அங்கே அதே ஓசை இரட்டிப்பாகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓரளவு சரியாக இருக்கும். சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளது மட்டும் அதற்குப் போகும்படி வைத்துத் தொடங்கி, அளவை முதலில் பாதிக்குக் கீழே வையுங்கள்.

கைதட்டினால் அறை கிணுகிணு என்று திரும்பப் பேசினால், ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் பவானி ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிடலாம். சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. மேல் ஓசையின் எதிரொலி அடங்கி, டெய்லரின் குரல் உச்சரிப்பு தெளியும். பேஸ் முழக்கத்துக்கு ஜமக்காளம் எதுவும் செய்யாது. அதற்குப் பஞ்சு மெத்தையை இறுக்கிச் சுருட்டி இரண்டு மூலையில் நிறுத்திப் பாருங்கள். முழுதாகத் தீராது, குறையும்.

மெதுவான பாட்டுகளில் பின்னால் ஊம் என்று ஒரு ஓசை கேட்டால் அது பதிவில் இல்லை. லேப்டாப்பில் இருந்து ஆம்ப்புக்குக் கம்பி போகிறது என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்று (இரண்டு கருவியின் எர்த் கம்பிகளுக்கு நடுவே கரண்ட் சுற்றுவது) பிரச்சினை. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இருக்காது.

வால்பாறைக்குப் போகிறவர்கள் ஆழியாறு தாண்டும் முன்பே பாட்டைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு மணி நேர ஆல்பத்துக்கு 150 எம்.பி. போதும். நாற்பது கொண்டை ஊசி ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும், மேல் ஓசை மங்கும். அந்த நேரத்தில் ஈக்வலைசரைத் திருகாதீர்கள், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். பேஸ் அடிக்கும்போது கார் கதவு கரகரவென்றால் கதவின் உள்பக்க பேடை ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். நின்றால் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள தகட்டில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். சத்தத்தைக் குறைப்பது தீர்வு இல்லை.

இசைத்தட்டாக வாங்குகிறவர்களுக்கு

வாங்கும் முன் எத்தனை தட்டு என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் வரை என்றால் பேஸ் தாராளமாக இருக்கும். ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 25 நிமிடத்தைத் தாண்டும். வரிக்கோடுகள் நெருக்கமாகும், சத்தத்தையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். இப்படிப்பட்ட இசைக்கு இரட்டைத் தட்டுதான் சரி, விலை கூடினாலும். தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க 'ஸ' ஓசைகள் சீறும். டெய்லர் குரலில் அது முதலில் தெரியும். ஊசி தட்டை அழுத்தும் எடையை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். ஆரம்ப நிலை ஊசிகள் பலவற்றுக்கு அது 2 கிராமை ஒட்டியிருக்கும். தட்டு தேயக்கூடாது என்று எடையைக் குறைத்தால் ஊசி கிக் அடிக்கும்போது தள்ளாடி, தட்டை இன்னும் அதிகமாகக் கெடுக்கும்.

திருப்பூர், சோமனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காற்றில் மிதக்கும் பஞ்சுப் பிசிறு தட்டில் படிந்து, ஊசி முனையில் சின்ன உருண்டையாகத் திரண்டுவிடும். பாட்டின் நடுவில் மேல் ஓசை திடீரென்று மங்கிக் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலானால், முதலில் ஊசியைக் குனிந்து பாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தட்ட வேண்டும். பக்கவாட்டில் தேய்த்தால் ஊசிக் காம்பு வளைந்துவிடும். விரலால் தொடவே கூடாது. ஒவ்வொரு பக்கம் போடும் முன்பும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைத் தட்டில் இரண்டு சுற்று பிடித்தால் பாதித் தொல்லை தீரும்.

சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு முகவரிக்குத் தட்டு வரவழைக்கிறவர்கள் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொள்ளும்படி ஆள் இருக்கும் நாளாகப் பாருங்கள். வெயிலில் கிடந்த பொட்டலத்திலோ மூடிய காரிலோ தட்டு வளைந்துபோகும். வளைந்தால் நேராக்குவது பெரும்பாடு. வீட்டில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப்போட்டு அடுக்கினால் அடித் தட்டு கெடும்.

இரண்டாவதாக எது என்ற கேள்வி 'இன் அவர் ஹெட்ஸ்' கேட்டு ஒரு மாதத்தில் வரும். அப்போது 'நைட் அண்ட் டே', 'ஹவ் டூ யூ டூ' பாட்டுகளைத்தான் அடிக்கடி போடுகிறீர்கள் என்றால் 'தி வார்னிங்' பக்கம் போங்கள். ஹெட்போனும் சேர்த்து வாங்க வேண்டிவரலாம். 'லுக் அட் வேர் வி ஆர்' பாட்டில் நின்றுவிட்டீர்கள் என்றால் 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்'. இரண்டும் இல்லாமல் 'ஃப்ளூட்ஸ்' ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் காத்திருக்கத் தேவையில்லை, நேராக 'ஹங்ரி சைல்ட்' போட்டுப் பாருங்கள்.